மெயில் குறையணுமா? முதல்ல நீ எழுதுற மெயிலைப் பாரு, தங்கச்சி!

ஜப்பான் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வரதய்யபாளையத்தில் கம்பெனி பஸ் ஏறி, எட்டரை மணிக்கு ஸ்ரீசிட்டியில் நீ கம்ப்யூட்டரைத் திறக்கும்போது டோக்கியோவில் மதியச் சாப்பாட்டு வேளை. காலை முழுக்க அவர்கள் எழுதியதெல்லாம் உனக்கு முன்னாலேயே வந்து காத்திருக்கும். அதை முடிப்பதற்குள் சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து வர ஆரம்பிக்கும். சாயங்காலம் நீ பையைத் தூக்கும் நேரத்தில் ஜெர்மனிக்காரர் மதியச் சாப்பாடு முடித்துத் தெம்பாக எழுத உட்காருவார். நடுநடுவே அட்டென்டன்ஸ் மெஷின் மெயில், கேன்டீன் மெனு மெயில், ஃபயர் டிரில் மெயில், யாரோ யாருக்கோ சொன்ன ‘தேங்க்ஸ்’ மெயில்.

சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டல நிலங்களில் 2008ல் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் தொடங்கியது. இன்று இசுஸு, டைகின், கோபெல்கோ, அல்ஸ்டாம் என்று 200க்கும் மேற்பட்ட கம்பெனிகள். நம் ஊர்ப் பெண்கள் டிகிரி முடித்த கையோடு பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், டிஸ்பேட்ச், எச்.ஆர். என்று ஏதாவது ஒரு நாற்காலிக்குப் போகிறார்கள். மெஷின் ஓட்ட டிரெயினிங் கொடுக்கிறார்கள். சேஃப்டி ஷூ எப்படிப் போடுவது என்றுகூட வகுப்பு எடுக்கிறார்கள். மெயில் எழுத மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை, அவரவர் சீனியரைப் பார்த்து அவரவர் காப்பியடித்துக்கொள்கிறார்கள். சீனியரும் அப்படியே கற்றவர்தான்.

முதலில் பிடிக்காத விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் இன்பாக்ஸில் வந்து குவிவதில் பெரும்பகுதி நீயே வரவழைத்தது. வெண்டருக்கு "மெட்டீரியல் எப்போது வரும்?" என்று ஒரு வரி தட்டுகிறாய். "எந்த மெட்டீரியல் மேடம்?" என்று பதில் வருகிறது. "போன வாரம் சொன்னோமே, அட்டைப் பெட்டி" என்கிறாய். "பி.ஓ. நம்பர் ப்ளீஸ்" என்கிறார். தேடி அனுப்புகிறாய். "மொத்தமுமா, பாதியா?" என்கிறார். ஸ்டோர்ஸில் கேட்டுச் சொல்ல அங்கே ஒரு மெயில் போகிறது, அதற்கு ஒரு பதில். மதியம் ஆகிறது, பெட்டி எப்போது வரும் என்பது மட்டும் தெரியவில்லை. உன் மேனேஜரோ, "உனக்கு மட்டும் ஏம்மா இவ்வளவு மெயில்?" என்கிறார்.

இதையே முதல் தடவையே இப்படி எழுதிப் பார். சப்ஜெக்ட்: ‘பி.ஓ. 4417, அட்டைப் பெட்டி 2,000, ஜூன் 12 வியாழன் காலை 10 மணிக்குள் வேண்டும்.’ உள்ளே: "மேலே சொன்ன பி.ஓ.வில் 2,000 பெட்டிகள் ஜூன் 12 காலை 10 மணிக்குள் எங்கள் கேட்டுக்கு வந்தாக வேண்டும். அன்று மதியம் 2 மணிக்கு லோடிங். முழுதாக முடியாது என்றால் முதலில் 800 போதும், மீதியை 14ஆம் தேதி தரலாம். எது முடியும் என்று இன்று மாலை 4 மணிக்குள் சொல்லுங்கள்." திரும்பி வருவது ஒரே ஒரு பதில். எழுத உனக்கு நாலு நிமிஷம் கூடுதலாகும். அந்த நாலு நிமிஷத்துக்கு நான் உத்தரவாதம்.

கவனித்தாயா, அதில் ‘முடியாது என்றால்’ என்று ஒரு வாசல் வைத்திருக்கிறேன். அதுதான் முக்கியம். எதிராளி "முடியாது" என்று சொன்னால் அடுத்து நீ என்ன கேட்கப்போகிறாய் என்பதையும் அதே மெயிலில் போட்டுவிட்டால் பாதி ஊசலாட்டம் போய்விடும். மீட்டிங்குக்கு நேரம் கேட்கும்போதும் இதேதான். "எப்போது வசதி?" என்று கேட்காதே. "செவ்வாய் 11 மணி அல்லது புதன் 3 மணி, எது சரி?" என்று கேள்.

சப்ஜெக்ட் காலியாக விடுவது, ‘அர்ஜென்ட்’ என்று ஒரே சொல்லைப் போடுவது, போன தீபாவளிக்கு அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்து அதிலேயே ரிப்ளை அடித்துப் புது விஷயத்தைக் கேட்பது, இந்த மூன்றையும் இன்றோடு விடு. மூன்றாவதுதான் மோசம். ‘கேன்டீன் டெண்டர்’ என்ற சப்ஜெக்டுக்குள் கன்வேயர் பெல்ட் ரிப்பேரை ஒளித்து வைத்தால் ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது யார் தேடுவது? விஷயம் மாறினால் சப்ஜெக்டும் மாற வேண்டும்.

தேதியும் எண்ணும் எழுதும்போது இங்கே கூடுதல் கவனம் வேண்டும். 03/04 என்று போட்டால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காக்காரருக்கு மார்ச் 4. ஜப்பானில் வருஷம், மாதம், நாள் என்ற வரிசை. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுது, வம்பில்லை. அதேபோல 1,50,000 என்று நாம் போடும் கமா வெளிநாட்டாரைக் குழப்பும், அவர்களுக்கு 150,000. லட்சம், கோடி என்று எழுதினால் கூகுளில் தேடிக்கொண்டிருப்பார்கள். "4 மணிக்குள்" என்றால் யார் ஊர் 4 மணி என்பதையும் சேர்த்துச் சொல். டோக்கியோவிலிருந்து இன்றே பதில் வேண்டுமென்றால் நம் மதியம் 1 மணிக்குள் அனுப்பிவிடு. அதற்குமேல் அனுப்புவதெல்லாம் அவர்களுக்கு மறுநாள் காலை மெயில்தான்.

சிசி என்ற வியாதி

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபீஸில் பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது.

‘டூ’வில் இருப்பவர் வேலை செய்ய வேண்டியவர். ‘சிசி’யில் இருப்பவர் தெரிந்துகொண்டால் போதும். கேட்பதற்கு எளிது, யாரும் பின்பற்றுவதில்லை. ‘டூ’வில் ஏழு பேரைப் போட்டு "தயவுசெய்து பார்க்கவும்" என்று எழுதினால் ஏழு பேரும் மற்ற ஆறு பேர் பார்ப்பார்கள் என்று இருந்துவிடுவார்கள். ‘டூ’வில் ஒருவர் மட்டும் இருக்கட்டும். இரண்டு பேருக்கு வேலை இருந்தால் உள்ளே அவரவர் பெயரைப் போட்டு அவரவர் வேலையைத் தனித்தனி வரியில் எழுது.

மேனேஜரை சிசியில் சேர்ப்பது பெரிய மரியாதை என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. எல்லா மெயிலிலும் அவரைச் சேர்த்தால் எதையும் படிக்க மாட்டார், நிஜமாகவே அவர் பார்க்க வேண்டியதும் அந்தக் குவியலிலேயே போய்விடும். இன்னொரு வகை சிசி இருக்கிறது. பக்கத்து டிபார்ட்மென்ட் ஆள் பதில் தரவில்லை என்றதும் அவருடைய மேலதிகாரியைச் சேர்த்து ‘ஜென்ட்டில் ரிமைண்டர்’ அனுப்புவது. அதில் ஜென்ட்டில் ஒன்றும் கிடையாது, அது புகார் மனு. கொடுக்க வேண்டிய நேரமும் வரும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு ஃபோன். "அண்ணா, இன்று மாலைக்குள் வராவிட்டால் உங்கள் மேனேஜரையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் செய். பத்துக்கு எட்டு தடவை எழுதத் தேவையே இருக்காது. நாளைக்கும் அதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும், அதே கேன்டீனில்தான் சாப்பிட வேண்டும்.

ஜப்பான் கம்பெனியில் இருப்பவளுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் வேறு. அவர்களிடம் ‘ஹோரென்சோ’ என்று ஒரு பழக்கம்: வேலை எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பது, சேதியைப் பகிர்வது, முடிவெடுக்கும் முன் கலந்து பேசுவது. அதனால் அவர்கள் மெயிலில் சிசி வரிசை நீளும், பெயர்களைப் பதவி வரிசையில் அடுக்குவார்கள். கஸ்டமர் எட்டுப் பேரைச் சேர்த்து எழுதியிருந்தால் பதில் போடும்போது யாரையும் கழற்றிவிடாதே. நமக்குள் போகும் மெயிலில் வெட்டு, வெளியே போவதில் வரிசையை அப்படியே வைத்துக்கொள்.

வருகிற சிசிக்கு மருந்து இதுதான். அவுட்லுக்கில் ‘ரூல்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ‘டூ’வில் என் பெயர் இல்லாத மெயில் எல்லாம் தனி ஃபோல்டருக்குப் போகட்டும் என்று ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும், அதுவே பிரித்து வைக்கும். ஜிமெயிலில் இதற்கு ‘ஃபில்டர்’ என்று பெயர். மெஷின் அனுப்பும் அலர்ட் எல்லாவற்றுக்கும் இன்னொரு ஃபோல்டர். சிசி ஃபோல்டரை ஒரு நாளைக்கு ஒரு தடவை, மதியம் மூன்று மணி வாக்கில், டீயோடு பார். உனக்குச் சம்பந்தமில்லாத நீண்ட பேச்சு ஓடிக்கொண்டே இருந்தால் ஜிமெயிலில் ‘மியூட்’, அவுட்லுக்கில் ‘இக்னோர்’. ஒன்றுக்கு மட்டும் இதைச் செய்யாதே, அது கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட்.

ரிப்ளை ஆல் பற்றி ஒரு கதை. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையான என்.எச்.எஸ்ஸில் ஒருவர் அனுப்பிய டெஸ்ட் மெயில் தவறுதலாக 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போய்விட்டது. அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. "என் பெயரை எடுங்கள்" என்று சிலர் ரிப்ளை ஆல் அடிக்க, "ரிப்ளை ஆல் அடிக்காதீர்கள்" என்று வேறு சிலர் அதற்கும் ரிப்ளை ஆல் அடிக்க, நாடு முழுக்க மெயில் திணறிப்போனது. நம் ஊரில் பர்த்டே விஷ் மெயிலுக்கு நடப்பது இதன் குட்டி உருவம்தான்.

பிசிசிக்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் உண்டு. ஒருவரையொருவர் தெரியாத பல பேருக்கு ஒரே சேதியை அனுப்பும்போது எல்லார் முகவரியையும் அங்கே போட வேண்டும். கேன்டிடேட்டுகளுக்கு இன்டர்வியூ தேதி, வெண்டர்களுக்கு விடுமுறை அறிவிப்பு போன்றவை. 2015ல் லண்டனில் ஒரு கிளினிக், எச்.ஐ.வி. சேவை தொடர்பான செய்திமடலை 781 பேருக்கு அனுப்பியபோது முகவரிகளை பிசிசியில் போடாமல் ‘டூ’வில் போட்டுவிட்டது. பெறுநர் பட்டியல் ஒவ்வொருவர் கண்ணிலும் பட்டது. மறுவருஷம் 1,80,000 பவுண்டு அபராதம். எச்.ஆரில் இருக்கும் தங்கச்சிகள் இதை மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். மற்றபடி, கூட வேலை செய்கிறவருக்கு எழுதும்போது மேனேஜரை ரகசியமாக பிசிசியில் சேர்க்காதே. அவர் மறந்துபோய் ரிப்ளை ஆல் அடிக்கும் நாள் ஒன்று வரும்.

அனுப்பும் முன் கீழே போய்ப் பார்

ஃபார்வர்டு பண்ணும்போது மேலே இருக்கும் ரெண்டு வரியைப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம். கீழே பதினேழு மெயில் தொங்குகிறது. அதில் போட்டி வெண்டர் கொடுத்த ரேட் இருக்கும், "இந்த ஆளை இன்னும் ரெண்டு பர்சென்ட் அமுக்கலாம்" என்று உன் சீனியர் எழுதியது இருக்கும். வெளி ஆளுக்கு அனுப்பும்போது பழைய வாலை வெட்டிவிட்டுப் புது மெயிலாக எழுது. சோம்பல் படாதே.

முகவரி விஷயத்தில் நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்று. முதல் மூன்று எழுத்து தட்டியதும் கம்ப்யூட்டரே பெயரை நிரப்பும். இங்கே ஒவ்வொரு கம்பெனியிலும் நாலு சுரேஷ், ஐந்து லட்சுமி. ஒரு சுரேஷ் உன் ஸ்டோர்ஸில், இன்னொரு சுரேஷ் வெண்டர் கம்பெனியில். அதனால் எழுதும் வரிசையையே மாற்றிக்கொள். முதலில் அட்டாச்மென்ட், அப்புறம் விஷயம், பிறகு சப்ஜெக்ட், கடைசியில்தான் ‘டூ’. அந்தப் பெட்டி காலியாக இருக்கும்வரை விரல் தவறிப் பட்டாலும் மெயில் போகாது. "அட்டாச்மென்ட் இல்லையே மேடம்" என்ற பதிலும் வராது.

அனுப்பியதைத் திரும்பப் பிடிக்க ஜிமெயிலில் ஐந்து வினாடிதான் முதலில் இருக்கும். செட்டிங்ஸில் போய் அதை 30 ஆக்கு, இன்றே. அவுட்லுக்கில் ‘ரீகால்’ இருக்கிறதே என்று நம்பாதே, வெளிக் கம்பெனிக்குப் போனது திரும்பாது. அதற்குப் பதில், அனுப்பும் எல்லா மெயிலும் ரெண்டு நிமிஷம் அவுட்பாக்ஸில் நின்றுவிட்டுப் போகும்படி ஒரு ரூல் போட்டு வைக்கலாம். கோபத்தில் எழுதியதற்கு ரெண்டு நிமிஷம் போதாது. அதை ‘டூ’ காலியாக விட்டு டிராஃப்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போ. திரும்பி வந்து படித்தால் உனக்கே சிரிப்பு வரும்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று கேட்பாய். சாட்சி வேண்டுமா? டிரைமெக்ஸ் என்ற துபாய் கம்பெனிக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் பாக்சைட் வாங்குவதில் ஒரு வழக்கு. 2007 அக்டோபரில் ரேட், அளவு, ஐந்து ஷிப்மென்ட் என்று எல்லாம் மெயிலில் பேசி, மெயிலிலேயே சம்மதமும் போய்விட்டது. முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்தாகவில்லையே என்பது வேதாந்தாவின் வாதம். 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முக்கிய ஷரத்துகளை மெயிலில் ஒத்துக்கொண்டபோதே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றது. பாக்சைட் கப்பலுக்குச் சொன்னது அட்டைப் பெட்டிக்கும் பொருந்தும். அதனால் வெண்டருக்கு "ஓகே, கன்ஃபர்ம்டு" என்று அடிக்கும்முன் அதைச் சொல்லும் அதிகாரம் உனக்கு இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் "பார்த்தேன், மேனேஜரின் அப்ரூவலுக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று மட்டும் எழுது.

இதே காரணத்துக்காகத்தான் வாட்ஸப்பில் முடிவான விஷயத்தை மெயிலில் ஒரு தடவை எழுதி வைக்கச் சொல்கிறேன். லாரி கேட்டில் நிற்கிறது, இன்வாய்ஸ் காப்பி இல்லை என்றால் ஃபோன் பண்ணு, வாட்ஸப் பண்ணு. ரேட்டோ தேதியோ அளவோ மாறினால் பேசி முடித்ததும் "இன்று ஃபோனில் பேசியபடி" என்று ஆரம்பித்து மூன்று வரி மெயில். அந்த மூன்று வரி பின்னால் முப்பது மெயிலைத் தடுக்கும்.

அக்கவுன்ட்ஸில், பர்ச்சேஸில் இருக்கிறவள் இதையும் கேட்டுக்கொள். "எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இனி புது அக்கவுன்டுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று பழகின வெண்டர் பெயரில் மெயில் வந்தால், அது பொய் என்றே வைத்துக்கொண்டு ஆரம்பி. 2015ல் ஓ.என்.ஜி.சி.க்குச் சேர வேண்டிய சுமார் 197 கோடி ரூபாய் இப்படித்தான் போனது. அதன் மெயில் முகவரியைப் போலவே, எழுத்து மட்டும் லேசாக மாற்றிய முகவரியிலிருந்து யாரோ எழுத, சவுதியில் இருந்த கஸ்டமர் மோசடிக்காரர்களின் அக்கவுன்டுக்குப் பணத்தை அனுப்பியதாகப் புகார் பதிவானது. அவ்வளவு பெரிய இடத்திலேயே கண்ணில் படவில்லை. பழைய இன்வாய்ஸில் இருக்கும் நம்பரை எடுத்து ஃபோன் பண்ணிக் கேள், அந்த மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்குப் பண்ணாதே. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் மேனேஜரிடம் சொல்லி உடனே 1930க்கு அடி. முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பேங்க் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

எத்தனை தடவை பார்ப்பது?

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குஷ்லெவ், டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 124 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2015ல் வெளியிட்டார்கள். ஒரு வாரம் நாளைக்கு மூன்று தடவை மட்டும் மெயில் பார்ப்பது, இன்னொரு வாரம் இஷ்டம்போலப் பார்ப்பது. மூன்று தடவையோடு நிறுத்திய வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. டிஸ்பேட்ச் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவளால் மூன்று தடவையோடு நிறுத்த முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நான் சொல்வது இதுதான். முதலில் அந்த டிங் சத்தத்தையும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் பாப்-அப்பையும் அணை. வந்ததும் ஜப்பான் மெயில். பத்தரைக்கு மேல் சென்னையும் வெண்டர்களும். சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை, கிளம்ப முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஐரோப்பா. நடுவில் இருக்கும் நேரம் உன் வேலைக்கு. உன் டீமில் எல்லாருக்கும் சொல்லி வை: "அரை மணி நேரத்தில் பதில் வேண்டுமென்றால் ஃபோன் பண்ணுங்கள்." அப்படிச் சொன்னபிறகும் மெயிலில் ‘அர்ஜென்ட்’ போடுகிறவர்கள் இருப்பார்கள். ரெண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

திறந்த மெயிலைச் சும்மா மூடாதே. ரெண்டு நிமிஷ வேலையென்றால் அப்போதே முடி. மீதிக்குக் கொடி போட்டு, என்றைக்குச் செய்வாய் என்று தேதி வை. பஸ்ஸில் மொபைலில் படித்தது கண்டிப்பாக மறக்கும், படித்ததும் மறுபடி ‘அன்ரெட்’ ஆக்கிவிடு. நாற்பது ஃபோல்டர் போட்டு அடுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சப்ஜெக்டில் பி.ஓ. நம்பர் இருந்தால் தேடல் பெட்டியில் அடித்தவுடன் வந்து நிற்கும். பெரிய வேலையாக இருந்து உடனே பதில் தர முடியாவிட்டால் "கிடைத்தது, வெள்ளி மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி போடு. ஜப்பான்காரருக்கு அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம். அது போகாவிட்டால் மறுநாளே ‘கிடைத்ததா?’ என்று ஒரு மெயில் வரும்.

ராத்திரி பதினொரு மணிக்கு மெயில் பார்க்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரம் முடிந்தபின் வரும் தொடர்புகளுக்கு, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, பதில் தராமல் இருக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. நம் நாட்டில் அப்படிப் பொதுச் சட்டம் இல்லை, தனிநபர் மசோதாவாக நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டதோடு சரி. உன்னால் முடிந்தது ஒன்று இருக்கிறது: நீ அடுத்தவளுக்கு அனுப்பாமல் இரு. ராத்திரி எழுதினால் ‘ஷெட்யூல் சென்ட்’ போட்டு, காலை எட்டரைக்குப் போகும்படி வை.

சாரா, காருவா, சானா?

சென்னைக்கு எழுதும்போது ‘சார்’. திருப்பதி, நெல்லூர் பக்கத்து ஆட்களுக்குப் பெயரோடு ‘காரு’ சேர்த்தால் மனசு குளிரும், ஆங்கில மெயிலிலும் தாராளமாகப் போடலாம். ஜப்பானியருக்குக் குடும்பப் பெயரோடு ‘சான்’, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. உன் பெயருக்குப் பின்னால் நீயே ‘சான்’ போட்டுக்கொள்ளாதே, அது மற்றவர்களுக்குத் தரும் மரியாதை. யாரென்று தெரியாத இடத்துக்கு ‘டியர் சார்’ வேண்டாம், அந்தப் பக்கம் இருப்பது உன்னைப் போல ஒரு பெண்ணாக இருக்கலாம். ‘டியர் குவாலிட்டி டீம்’ என்று எழுது.

நம் இன்ஷியல் அவர்களுக்குப் பெரிய தலைவலி. எது பெயர், எது அப்பா பெயர் என்று புரியாமல் ‘டியர் கே’ என்று எழுதுவார்கள். கையெழுத்துப் பகுதியில் எப்படிக் கூப்பிட வேண்டுமோ அந்தப் பெயரை முதலில் போடு. கீழே பதவி, டிபார்ட்மென்ட், ஆபீஸ் எக்ஸ்டென்ஷன். சொந்த மொபைல் நம்பரை அங்கே போடுவதை அக்கா ஒப்புக்கொள்ள மாட்டேன். டெஸ்க் நம்பர் போதும், கம்பெனி சிம் கொடுத்தால் அது. முகவரியையும் ஒரு பார்வை பார்: 2022 ஏப்ரல் 4 முதல் நாம் திருப்பதி மாவட்டம். இன்னும் சித்தூர் என்றே போட்டுக்கொண்டிருக்கும் கையெழுத்துகள் ஏராளம்.

‘டூ தி நீட்ஃபுல்’ என்று எழுதாமல் என்ன செய்ய வேண்டும் என்றே எழுது. இப்போது ஏ.ஐ.யிடம் சொல்லி எழுதி வாங்குகிறார்கள். இங்கிலீஷ் பயம் இருப்பவளுக்கு அது நல்ல துணைதான், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ரெண்டு வரியில் கேட்க வேண்டியதை அது நாலு பத்தியாக, நலம் விசாரித்து, நன்றி கூறித் தரும். வெட்டிவிட்டு அனுப்பு. கம்பெனி ரேட்டையும் கஸ்டமர் பெயரையும் அதில் கொட்டாதே.

ஆபீஸ் ஐடியை பேங்க், இன்சூரன்ஸ், மேட்ரிமோனி எதற்கும் கொடுக்காதே. வேலையை விட்ட அன்றே அந்த ஐடி மூடிவிடும், பாஸ்வேர்டு மாற்றக்கூட வழி இருக்காது. தவிர, மீட்டிங்கில் புரொஜெக்டரில் உன் ஸ்கிரீன் தெரியும்போது மாப்பிள்ளை அலர்ட் வந்து குதித்தால் ஊர் முழுக்க அதே பேச்சாகிவிடும்.

சங்கராந்திக்கு லீவு போடும்போது ‘அவுட் ஆஃப் ஆபீஸ்’ வைக்கிறாயே, அதில் "ஐ ஆம் ஆன் லீவ்" என்று மட்டும் போட்டால் யாருக்கும் உபயோகமில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, டிஸ்பேட்ச் அவசரத்துக்கு யார், பேமென்டுக்கு யார், அவர்கள் எக்ஸ்டென்ஷன் என்ன என்று எழுது. பெயர் போடும்முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் ஜப்பானில் வரிசையாக லீவு, ஆகஸ்ட் நடுவில் மறுபடி ஒரு தடவை. அங்கிருந்து அப்ரூவல் வேண்டியதை அதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கிவிடு. திரும்பி வந்த அன்று முந்நூறு மெயில் நிற்கும். அடியிலிருந்து ஆரம்பிக்காதே. அனுப்பியவர் பெயர் வாரியாக அடுக்கு, ஒவ்வொரு பேச்சிலும் கடைசி மெயிலை மட்டும் படி. நீ இல்லாமலே முடிந்துபோன விஷயம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, மீதிக்கு மட்டும் பதில் எழுது.